புளிச்ச தண்ணிக்கு 2000 வருஷம்: காடிப் பானையில இருந்து கண்ணாடி பாட்டில் வரைக்கும்

(எபிசோடில் பேசியதன் எழுத்து வடிவம். வாசிப்பதற்காக எடிட் செய்யப்பட்டது.)

இன்னிக்கு எபிசோட் ஒரு ராஜாவைப் பத்தியோ போரைப் பத்தியோ இல்ல. ஒரு பானையைப் பத்தி. ராத்திரி மிஞ்சின சோத்துல தண்ணி ஊத்தி மூடி வைப்போமே, அந்தப் பானை. இப்போ அதே சமாச்சாரம் 'ரைஸ் ஃபெர்மென்ட் எசென்ஸ்'னு பேர் மாத்திக்கிட்டு, கண்ணாடி பாட்டில்ல நம்ம போனுக்குள்ள விளம்பரமா வந்துட்டு இருக்கு.

நான் சுங்குவார்சத்திரத்துக்காரன். எங்க ஊர்ல ஷிஃப்ட் முடிஞ்சு கம்பெனி பஸ் வந்து நிக்கிற நேரத்துக்குக் கடைவீதியில நின்னு பாருங்க. இருபது, இருபத்திரெண்டு வயசுப் பொண்ணுங்க, பசங்க கூட்டமா இறங்குவாங்க. மெடிக்கல் ஷாப்லயும் ஃபேன்ஸி ஸ்டோர்லயும் அவங்க கேட்டு வாங்குற சாமான்ல 'ரைஸ்'னு பேர் போட்டது இப்போ நிறைய. ரைஸ் டோனர், ரைஸ் சீரம், ரைஸ் ஷீட் மாஸ்க். பெட்டி மேல கொரியன் எழுத்து இருந்தா இன்னும் மதிப்பு. விளம்பரம் எல்லாத்துலயும் ஒரே வரி: 'இது ஆயிரம் வருஷ ஆசிய ரகசியம்'.

ஹிஸ்டரி பாட்காஸ்ட் நடத்துற ஒருத்தன் காதுல 'ஆயிரம் வருஷ ரகசியம்'னு விழுந்தா சும்மா இருக்க முடியுமா? யாரோட ரகசியம்? எந்த ஆயிரம் வருஷம்? அது ஏன் ரகசியம்? அதைத்தான் இன்னிக்குப் பார்க்கப் போறோம்.

முதல்ல, ஒரே பேர்ல நாலு சாமான்

கதைக்குள்ள போறதுக்கு முன்னாடி ஒரு குழப்பத்தைத் தீர்த்துடலாம். 'ஃபெர்மென்டட் ரைஸ்'னு சொல்லி விக்கிறது ஒரே பொருள் கிடையாது. குறைஞ்சது நாலு இருக்கு.

ஒண்ணு, அரிசி கழுவின தண்ணி. நாம கழனித்தண்ணின்னு மாட்டுக்கு ஊத்துறது. இது புளிக்கவே இல்ல. ரெண்டாவது, அந்தத் தண்ணியையோ சோத்துத் தண்ணியையோ ஒரு ராத்திரி விட்டுப் புளிக்க வைக்கிறது. இதுல வேலை செய்யிறது லாக்டிக் அமில பாக்டீரியா. தயிர்லயும் இட்லி மாவுலயும் இருக்கிற அதே குடும்பம். மூணாவது, ஜப்பான்காரங்க 'கோஜி'ன்னு சொல்ற ஒரு பூஞ்சை. அறிவியல் பேரு ஆஸ்பெர்ஜில்லஸ் ஒரைசே. வேக வெச்ச அரிசி மேல இதை வளர்த்துத்தான் 'சாகே' மது செய்றாங்க. நாலாவது, ஈஸ்ட் வகைகளைத் தனியா வளர்த்து வடிகட்டின திரவம். லேபிள்ல 'காலக்டோமைசெஸ் ஃபெர்மென்ட் ஃபில்ட்ரேட்'னோ 'சாக்கரோமைசெஸ்'னோ போட்டிருந்தா அது இந்த நாலாவது ரகம்.

நாலுக்கும் வேலை வேற, விலை வேற, வரலாறும் வேற. விளம்பரம் நாலையும் ஒரே கதைக்குள்ள போட்டுக் குலுக்குது. நாம பிரிச்சுப் பார்ப்போம்.

காஞ்சிக்குப் போற வழியில ஒரு ஜாடி

நம்ம ஊர்ல இருந்தே ஆரம்பிப்போம். சுங்குவார்சத்திரம் இருக்கிறது பழைய தொண்டை நாட்டுல. பேர்லயே சத்திரம் இருக்கு பாருங்க, வழிப்போக்கர் தங்குற இடம். சென்னையில இருந்து பெங்களூரு போற சாலையில ஸ்ரீபெரும்புதூர் தாண்டினா எங்க ஊர். அதே சாலையில இன்னும் போனா காஞ்சிபுரம்.

காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பத்தி ஒரு சங்க நூல் இருக்கு: பெரும்பாணாற்றுப்படை. எழுதியவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார். பரிசு வாங்கிய ஒரு பாணன், வறுமையில் இருக்கும் இன்னொரு பாணனுக்குக் காஞ்சி போகும் வழியைச் சொல்வதுதான் நூல். எந்த ஊரில் யார் இருப்பார்கள், என்ன சாப்பாடு போடுவார்கள் என்று விவரமாகச் சொல்லிக்கொண்டே போவான். கிட்டத்தட்ட ஒரு ஃபுட் வ்லாக்.

அதுல வலைஞர்கள், அதாவது மீனவர்கள், குடியிருப்பு வருது. அங்கே அரிசியில் மது செய்யும் முறையை அந்தப் பாட்டு படிப்படியாகச் சொல்கிறது. குற்றாத அரிசியைக் களி மாதிரித் துழாவிக் கூழாகக் காய்ச்ச வேண்டும். வாய் அகன்ற தட்டில் ஊற்றி ஆற வைக்க வேண்டும். முளைகட்டிய நெல்லை இடித்து அதில் கலக்க வேண்டும். இரண்டு பகல், இரண்டு இரவு ஜாடியில் வைத்து, பிறகு விரலால் அலைத்துப் பிழிந்து எடுக்க வேண்டும்.

இதை ஏன் இவ்வளவு விரிவா சொல்றேன்? இது ஒரு செய்முறைக் குறிப்பு. அரிசியில இருக்கிற மாவுச்சத்தை நுண்ணுயிர் நேரா மதுவாக்காது. முதல்ல அது சர்க்கரையா உடையணும். ஜப்பான்ல அந்த உடைக்கிற வேலையைக் கோஜி பூஞ்சை செய்யுது. நம்ம ஊர்ல அந்த வேலையைச் செஞ்சது முளைகட்டின நெல்லு. முளைவிடும் தானியத்துல ஊறுற நொதி மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கிடும். பீருக்கு பார்லியை முளைகட்ட வைக்கிறதும் இதே தத்துவம்தான். ஏறக்குறைய 2000 வருஷத்துக்கு முன்னாடியே இந்தப் பக்கத்து மீனவர் வீட்டுல அரிசி நொதித்தல் தெளிவா தெரிஞ்ச ஒரு தொழில்நுட்பம்.

அதே உருத்திரங்கண்ணனார் பாடின இன்னொரு நூல் பட்டினப்பாலை. காவிரிப்பூம்பட்டினத்துல அன்னசாலைகள்ல வடிச்ச கஞ்சி தெருவுல ஆறு மாதிரி ஓடுச்சுன்னு அதுல வருது. கஞ்சி அவ்வளவு சாதாரணம், தெருவுல ஓடுற அளவுக்கு. ரகசியமா வெச்சுக்க அதுல ஒண்ணுமே இல்ல.

காடி: துணிக்கு, மருந்துக்கு, தலைக்கு

புளிச்ச கஞ்சிக்குத் தமிழ்ல ஒரு பழைய சொல் இருக்கு: காடி. நெடுநல்வாடையில பாண்டிய அரசியோட படுக்கையை நக்கீரர் வர்ணிக்கிறார். அந்தப் படுக்கை விரிப்பு காடி போட்டு வெளுத்த துணி. அரண்மனைத் துணிக்கும் கஞ்சிதான் மொடமொடப்பு கொடுத்திருக்கு. காஞ்சிபுரத்துல நெசவாளர்கள் பாவை விரிச்சு, அரிசிக் கஞ்சி போட்டு வெயில்ல காய வைக்கிற வழக்கமும் இந்த வரிசையில வர்றதுதான்.

மருந்துலயும் காடிக்கு இடம் இருக்கு. சித்த மருத்துவத்தில் சில சரக்குகளைச் சுத்தி செய்யக் காடியில் ஊற வைப்பார்கள். ஆயுர்வேதத்தில் அரிசி கழுவிய நீருக்குத் தண்டுலோதகம் என்று பெயர். பல மருந்துகளுக்கு அதைத் துணைப்பானமாகச் சொல்கிறார்கள். தானியங்களைப் புளிக்க வைத்த நீருக்குத் தான்யாம்லம் என்று பெயர். கேரளத்தில் வலி, வீக்கத்துக்கு அதை வெதுவெதுப்பாக்கி உடம்பு முழுக்க ஊற்றும் சிகிச்சை இன்றும் நடக்கிறது.

அப்புறம் தலை. எங்க ஆயா சீயக்காயைத் தண்ணியில கரைக்காது, வடிச்ச கஞ்சியிலதான் கரைக்கும். 'வெறும் சீயக்கா தலையைக் காய வெச்சுடும்டா'ன்னு சொல்லும். உங்க வீட்டுலயும் யாராவது இப்படிச் செஞ்சிருப்பாங்க. சீயக்காய் எண்ணெயை எடுக்கும், கஞ்சியில இருக்கிற மாவுச்சத்து முடி மேல மெல்லிசா படிஞ்சு வழுவழுப்பு கொடுக்கும். இன்னிக்கு ஷாம்பு, கண்டிஷனர்னு ரெண்டு பாட்டில்ல வாங்குறதை ஆயா ஒரே கிண்ணத்துல முடிச்சிருக்கு.

ஒரு விஷயத்தைக் கவனிங்க. இவ்வளவு பட்டியல்லயும் முகம் வரல. முகத்துக்கு நம்ம வீடுகள்ல இருந்தது பயத்தம் மாவு, கடலை மாவு, கஸ்தூரி மஞ்சள், நலங்கு மாவு. புளிச்ச அரிசித் தண்ணியோட இடம் வயிறு, துணி, மருந்து, முடி. முகத்துக்குன்னே அரிசியைப் புளிக்க வைக்கிற பழக்கம் கொஞ்சம் கிழக்கே, மலாய்க்காரங்க கிட்ட இருக்கு. அதுக்குப் பேரு 'பெடாக் செஜுக்', குளிர்ச்சிப் பவுடர்னு அர்த்தம். அரிசியைத் தண்ணியில போட்டு, தண்ணியை மாத்தி மாத்தி வாரக்கணக்கா ஊற வைப்பாங்க. அரிசி தானா கரைஞ்சு குழைஞ்சதும், சொட்டுச் சொட்டா வெச்சு வெயில்ல காய வைப்பாங்க. அந்த வில்லையைத் தண்ணியில குழைச்சு முகத்துல பூசிக்கிறது. சீனாவுல குவாங்சி தன்னாட்சிப் பகுதியில ஹுவாங்லுவோ கிராமத்து யாவோ பெண்கள், புளிச்ச அரிசித் தண்ணியில முடி அலசுறதுக்குப் பேர் போனவங்க. ஜப்பான்ல ஹெய்யான் காலத்துல, அதாவது 794-க்கும் 1185-க்கும் இடையில, அரண்மனைப் பெண்கள் அரிசி கழுவின தண்ணியில தலை வாரினாங்க. அதுக்கு 'யுசுரு'ன்னு பேரு.

ஆக, நெல்லு விளையிற ஊர்ல எல்லாம் இது இருந்திருக்கு. எந்த ஒரு நாடும் தன் தனிச் சொத்துன்னு சொல்லிக்க முடியாது.

கஞ்சிக்கு மரியாதை போன கதை

அப்போ நம்ம ஊர்ல ஏன் இது அழகு சாமானா வளரல? இதுக்குப் பதில் அறிவியல்ல இல்ல, சமூகத்துல இருக்கு.

நம்ம மொழியில கஞ்சின்னா என்ன ஞாபகம் வருது? 'கஞ்சிக்கே வழியில்ல', 'ஏதோ கஞ்சியோ கூழோ குடிச்சு'. 1876–78 பஞ்சத்துல மெட்ராஸ் மாகாணம் முழுக்க ஜனங்க கஞ்சிக்கு வரிசையில நின்னாங்க. வேலை போன நெசவாளர்களுக்கும் ஸ்ட்ரைக்ல இருந்த தொழிலாளர்களுக்கும் திறந்தது கஞ்சித் தொட்டி. விடியக்காலையில ஏர் கட்டப் போறவங்க, நாத்து நடப் போறவங்க குடிச்சது நீராகாரம். எங்க பக்கத்துப் பேச்சுல நீத்தண்ணி. காசு வந்த வீட்டுல முதல்ல மறைஞ்சதும் அதுதான். டிபன் வந்தது, பழையது போச்சு. விருந்தாளி வந்தா அந்தப் பானையை ஒளிச்சு வெச்ச வீடுகள் உண்டு.

இதுல ஒரு வேடிக்கை. கஞ்சிங்கிற சொல் ஊர் ஊரா மரியாதையா சுத்தி வந்திருக்கு. 1563-ல் கோவாவில் அச்சான தன் நூலில் போர்த்துகீசிய மருத்துவர் கார்சியா தா ஓர்த்தா, நோயாளிக்கு மிளகும் சீரகமும் சேர்த்துக் கொடுக்கும் அரிசி நீரை 'கன்ஜெ' என்று எழுதுகிறார். ஆங்கிலத்தில் 'காஞ்சி' என்று சொல்கிறார்களே, சீன ஹோட்டல் மெனுவில்கூட இருக்குமே, அந்தச் சொல்லும் நம்ம கஞ்சியிலிருந்து போனதுதான்.

சாகே ஆலையில் ஒரு கை

இப்போ பாட்டில் கதைக்கு வருவோம். 1907-ல் சைட்டோ என்ற ஜப்பானிய விஞ்ஞானி, வேக வைத்த அரிசியில் வளர்ந்த கோஜி பூஞ்சையிலிருந்து ஒரு அமிலத்தைப் பிரித்தெடுத்தார். பிறகு யபுதா என்பவர் அதற்குக் கோஜிக் அமிலம் என்று பெயர் வைத்து, அதன் அமைப்பையும் கண்டுபிடித்தார். நம் தோலில் நிறத்தை உண்டாக்குவது மெலனின். அது உருவாக டைரோசினேஸ் என்ற நொதி வேண்டும்; அந்த நொதி வேலை செய்யச் செம்பு அணு வேண்டும். கோஜிக் அமிலம் அந்தச் செம்பைப் பிடித்துக்கொள்ளும், நொதி மந்தமாகிவிடும். கரும்புள்ளி குறைவது இப்படித்தான்.

1988-ல் ஜப்பான் அரசு இதை நிறம் குறைக்கும் பொருளாக அனுமதித்தது. விலங்குச் சோதனையில் கல்லீரல் பற்றிய சந்தேகம் வந்ததால் 2003-ல் நிறுத்தி வைத்து, மறுபடி ஆராய்ந்து 2005-ல் தடையை நீக்கியது. ஐரோப்பிய ஒன்றியம் 2024-ல், முகத்துக்கும் கைக்குமான பொருட்களில் 1 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று வரம்பு வைத்தது. அதாவது இது வேலை செய்யும் பொருள். அதனாலேயே அளவும் தேவைப்படும் பொருள்.

இன்னொரு பக்கம் 1980-ல் எஸ்.கே. டூ வந்தது. அந்த நிறுவனம் சொல்லும் கதை உலகப் பிரசித்தம். 1970-களில் விஞ்ஞானிகள் ஒரு சாகே ஆலைக்குப் போனார்களாம். வயதான தொழிலாளர்களின் முகத்தில் சுருக்கம், ஆனால் நாளெல்லாம் நொதிக்கிற கலவையில் அளைந்த கை மட்டும் குழந்தை கை மாதிரி இருந்ததாம். நூற்றுக்கணக்கான ஈஸ்ட் வகைகளைச் சோதித்து ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதற்கு 'பிடெரா' என்று பெயர் வைத்தார்கள். நான் முன்னாடி சொன்ன நாலாவது ரகம் இது. 1991-ல் பிராக்டர் அண்ட் கேம்பிள் மேக்ஸ் ஃபேக்டரை வாங்கியபோது இதுவும் கூடவே வந்தது. இன்று ஒரு பாட்டில் பல ஆயிரம் ரூபாய்.

இந்தக் கதையை நான் முதல் தடவை கேட்டப்போ என்னைப் பிடிச்சு நிறுத்தினது ஈஸ்ட் இல்ல, கை. ஒரு தொழிலாளியோட கையை யாரோ நின்னு பார்த்திருக்காங்க. அதுல இருந்து ஒரு பெரிய வியாபாரமே வந்திருக்கு. நம்ம ஊர்ல காலங்காலமா கழனித்தண்ணியிலயும் கஞ்சியிலயும் கை வெச்சவங்க நம்ம அம்மாங்க, ஆயாங்க, பாவுக்குக் கஞ்சி போட்ட நெசவாளிங்க. அந்தக் கையை யாரும் நின்னு பார்க்கல. பார்க்கக் கூடாத வேலைன்னு அதை ஒதுக்கி வெச்சிருந்தோம்.

மாமையும் பசலையும்

இந்தப் பாட்டிலோட ஒட்டிக்கிட்டே வர்ற இன்னொரு சரக்கு இருக்கு: வெளுப்பு. 'பிரைட்டனிங்', 'கிளாஸ் ஸ்கின்'னு எப்படிச் சொன்னாலும், கடையில கேட்கிறவங்க மனசுல இருக்கிற கேள்வி 'கலர் வருமா?'ங்கிறதுதான்.

இதையும் 'பழங்காலத்துல இருந்தே நாம இப்படித்தான்'னு சொல்லிடுவாங்க. சங்கப் பாட்டைப் பார்த்தா வேற மாதிரி இருக்கு. குறுந்தொகை, நற்றிணைத் தலைவியோட அழகுக்குப் பேரு மாமை. மாந்தளிர் நிறம். தலைவன் பிரிஞ்சு போனா அந்த மாமை போயிடும், உடம்புல பசலை படரும். பசலைன்னா நிறம் வெளுத்துப் போறது. வெளுத்தா அது துக்கத்தோட அடையாளம், நோய் மாதிரி. தோழி பயப்படுவா, அம்மா விசாரிப்பா. இன்னிக்கு நாம காசு கொடுத்துக் கேட்கிற வெளுப்பைப் பார்த்து அந்தத் தலைவி அழுதிருக்கா.

அந்த அழகு எப்போ தலைகீழாச்சுங்கிறது பெரிய கதை. சாதி, காலனி ஆட்சி, சினிமா, கல்யாணச் சந்தை எல்லாம் அதுல இருக்கு. அதுக்குத் தனி எபிசோட் வேணும். டியூப்ல வந்த தேதி மட்டும் சொல்றேன். 1975-ல் ஃபேர் அண்ட் லவ்லி கடைக்கு வந்தது. கடலூர்ல ஆரம்பிச்ச சாஷே புரட்சி, 1983-ல் சிக் ஷாம்பு எல்லாம் சேர்ந்து, சில்லறைக் காசுக்கு அழகு சாமான் வாங்கலாம்ங்கிற வழியைக் கிராமம் வரை கொண்டு போச்சு. 2009-ல் சென்னையில இருந்து 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' இயக்கம் கிளம்புச்சு. 2020-ல் அந்தக் க்ரீம் பேர்ல இருந்து 'ஃபேர்' போய் 'க்ளோ' வந்தது. சொல் மாறிடுச்சு. கேள்வி மாறல.

கேள்வி மாறாததுக்கு விலை இருக்கு. சீக்கிரம் வெளுக்கணும்னு போற இடத்துல ரெண்டு ஆபத்து நிக்குது. ஒண்ணு ஸ்டீராய்டு க்ரீம். முதல் ரெண்டு வாரம் முகம் பளபளன்னு ஆகும். அப்புறம் தோல் மெலிஞ்சு, சிவந்து, பரு வெடிச்சு, நிறுத்தினா எரியும். இதைக் கட்டுப்படுத்த 2018-ல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை ஷெட்யூல் ஹெச் பட்டியலுக்குள் கொண்டுவந்தது, அதாவது டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. ரெண்டாவது பாதரசம். கேரளாவில் கோட்டக்கல் மருத்துவர்கள் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை பார்த்த 22 சிறுநீரக நோயாளிகளில் 15 பேருக்கு ஒரு அபூர்வ வகை பாதிப்பு. அந்த 15-ல் 13 பேர் வெளுப்புக் க்ரீம் பூசியவர்கள். முகத்துல தடவினது சிறுநீரகத்துல போய் நின்னிருக்கு.

நெல்லு போன நிலத்துல

இப்போ எங்க ஊருக்குத் திரும்பி வரேன். பழைய செங்கல்பட்டு மாவட்டத்தை ஏரி மாவட்டம்னு சொல்வாங்க. ஏரித் தண்ணியில நெல்லு விளைஞ்ச மண். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் வெளிவந்தது. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா, 2007-ல் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங், 2010-ல் ஒரகடத்தில் ரெனால்ட்-நிஸ்ஸான். கொரியா, ஜப்பான், தைவான்னு அரிசி சாப்பிடுற நாட்டுக் கம்பெனிகளும் வந்து, நெல்லு விளைஞ்ச இடத்துக்குப் பக்கத்துல ஃபேக்டரி கட்டினாங்க. கொரிய சாப்பாட்டுக் கடை வந்தது, பின்னாடியே கொரிய அழகு சாமானும் வந்தது. இந்த ஊர்ப் பொண்ணுங்களுக்கு கொரியா ஒரு சீரியல்ல வர்ற கனவு மட்டும் இல்ல, சம்பளச் சீட்டுலயும் இருக்கு.

அவங்க வேலையைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. ஏ.சி. ஹாலுக்குள்ள எட்டு மணி நேரம் நின்னுக்கிட்டு, தலையில கேப், முகத்துல மாஸ்க், கையில கிளவுஸ். ஒரு வாரம் பகல் ஷிஃப்ட், ஒரு வாரம் ராத்திரி. ரூமுக்கு வந்தா போர்த் தண்ணி. 2021 டிசம்பரில் ஒரு ஐஃபோன் ஆலையின் பெண் தொழிலாளர்கள் விடுதிச் சாப்பாட்டால் நோய்வாய்ப்பட்டு, நூற்றுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனை போன பிறகு நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறியல் செய்தது உலகம் முழுக்கச் செய்தியானது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் விடுதியைத் தமிழக அரசு திறந்தது.

தோல் பராமரிப்புப் பேச்சுல இது எதுக்குன்னு கேட்கலாம். தோல் கேட்கிற முதல் ரொட்டீன் தூக்கம், நல்ல சாப்பாடு, நல்ல தண்ணி. அது மூணும் யார் கையில இருக்குங்கிறது எசென்ஸ் லேபிள்ல வராது. சாகே தொழிலாளியோட கை விளம்பரத்துக்கு வந்துடுச்சு. போன் பூட்டுற கையைப் பத்தியும் யாராவது பேசணும்ல, அதுக்காகத்தான் சொன்னேன்.

சரி, பூசலாமா வேண்டாமா?

எபிசோட் அறிவிச்சதுல இருந்து இன்பாக்ஸ்ல இதே கேள்விதான். ரெண்டு ஆராய்ச்சி சொல்றேன். 2002-ல் பிரஸ்ஸெல்ஸ் ஆராய்ச்சியாளர்கள், சோப்பு வகை ரசாயனத்தால் எரிச்சல் அடைந்த தோலை அரிசி மாவுச்சத்து கலந்த நீரில் தினம் இரண்டு தடவை 15 நிமிஷம் வைத்தார்கள். ஆறும் திறன் சுமார் 20 சதவீதம் கூடியது. 2010-ல் ஜப்பானியர்கள் அந்த யுசுரு தண்ணியைச் சோதித்து, முடியின் உராய்வு குறைவதைக் காட்டினார்கள். எங்க ஆயா சீயக்காய்ல கண்டுபிடிச்சது இதைத்தான்.

புளிச்சா என்ன கூடுதல்? லாக்டிக் அமிலம் வரும். அது நம்ம தோல்லயே ஈரத்தைப் பிடிச்சு வைக்கிற இயற்கைப் பொருட்கள்ல ஒண்ணு. தோலோட பி.ஹெச். ஏறக்குறைய 5, லேசான அமிலம். குளியல் சோப்பு 9, 10 வரை போகும். மிதமா புளிச்ச தண்ணி தோல் பக்கம் நிக்கும். ஆனா நம்ம நீத்தண்ணியில கோஜி பூஞ்சை கிடையாது, அதனால கோஜிக் அமிலமும் கிடையாது. ஜப்பான் பாட்டில் செய்யிற வேலையை நம்ம பானை செய்யும்னு யாராவது வீடியோ போட்டா நம்பாதீங்க. மென்மை, ஈரம், எரிச்சல் தணியிறது, இதுவரைக்கும் எதிர்பார்க்கலாம். நிறம் மாறாது.

கடையில வாங்குறதா இருந்தா லேபிளைத் திருப்பிப் பாருங்க, நாலு ரகத்துல எதுன்னு தெரிஞ்சுக்கோங்க. ஈஸ்ட் வகை சிலருக்குப் பொடிப் பருவைக் கிளப்பும். முழங்கை மடிப்புல நாலஞ்சு நாள் பூசிப் பார்த்துட்டு முகத்துக்குப் போங்க. ஒரு நேரத்துல ஒரு புதுப் பொருள் மட்டும். தோல் தன்னைப் புதுப்பிச்சுக்க ஏறக்குறைய ஒரு மாசம் ஆகும், அதனால மூணு மாசம் கொடுக்காம முடிவு சொல்லாதீங்க. காலையில சன்ஸ்க்ரீன் போடலைன்னா மத்த எல்லாம் வீண் செலவு. ஒரே வாரத்துல பளபளப்பு வந்தா சந்தோஷப்படாதீங்க, சந்தேகப்படுங்க.

வீட்டுல செய்யிறதா இருந்தா, அரிசியை ஒரு தடவை கழுவிக் கொட்டிட்டு, நல்ல தண்ணியில அரை மணி நேரம் ஊற வெச்சு வடிச்சு எடுங்க. நம்ம வெயிலுக்கு ஒரு ராத்திரி வெளியில இருந்தா போதும், லேசா புளிப்பு வாசனை வரும். ஃப்ரிட்ஜ்ல வெச்சு ரெண்டு மூணு நாளுக்குள்ள முடிச்சுடுங்க. பாதிக்குப் பாதி தண்ணி கலந்து, பத்து நிமிஷம் வெச்சுட்டுக் கழுவிடுங்க. மேல படலம் கட்டினாலோ, வாசனை கெட்டாலோ கீழ ஊத்திடுங்க. உடைஞ்ச பரு மேலயும் புண் மேலயும் வேண்டாம். பழைய சோத்துத் தண்ணிதான் இருக்குன்னா, உப்பும் வெங்காயமும் போடறதுக்கு முன்னாடியே எடுத்துடுங்க!

ஏற்கெனவே பேர் தெரியாத வெளுப்புக் க்ரீம் போட்டு முகம் எரியுதுன்னா, இது எதுவும் உங்களுக்கு மருந்து இல்ல. அரசு மருத்துவமனைத் தோல் பிரிவுக்குப் போங்க, அந்த டியூபையும் கையோட எடுத்துட்டுப் போங்க.

எங்க வீட்டுல ஆயா இன்னும் காலையில நீத்தண்ணிதான் குடிக்குது. அதுக்கு இந்த எசென்ஸ் விலையைச் சொன்னேன். 'அரிசித் தண்ணிக்கா இவ்ளோ?'ன்னு கேட்டுட்டு, மிச்சத்தை மாட்டுத் தொட்டியில ஊத்தப் போயிடுச்சு.

உங்க ஊர்ல இந்தத் தண்ணிக்கு என்ன பேரு? நீராகாரமா, நீத்தண்ணியா, காடியா, வேற ஏதாவதா? வீட்டுல யார் எதுக்கெல்லாம் பயன்படுத்தினாங்க? கேட்டு, ஒரு நிமிஷ வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. நல்லா இருக்கிறதை அடுத்த எபிசோட்ல சேர்க்கிறோம். நைட் ஷிஃப்ட் போற பஸ்ல இதைக் கேட்டுட்டு இருக்கிறவங்க, இறங்குற வரைக்கும் ஒரு தூக்கம் போடுங்க.